பெத் வாழாத வீடு

அமெரிக்காவின் கான்கார்டில் உள்ள ஆர்ச்சர்ட் ஹவுஸை ‘லிட்டில் விமன்’ வீடு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். லூயிசா மே ஆல்காட் 1868இல் நாவலின் முதல் பாகத்தை எழுதியது இங்கேதான், அப்பா செய்துகொடுத்த சின்ன மேசையில். ஆனால் நாவலில் பெத்தாக வரும் தங்கை எலிசபெத், 1858இல் குடும்பம் இங்கே குடிவருவதற்குச் சில மாதம் முன்பே இறந்துவிட்டாள். அவள் ஒருநாள்கூட இருக்காத வீட்டில் நாவல் அவளை வாழவைக்கிறது, சாகவும் வைக்கிறது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீடு மாறி வீடு மாறி அலைந்த குடும்பத்தில், செத்துப்போன தங்கைக்கு அக்கா எழுத்தில் கட்டிக்கொடுத்த அறை அது.

1911இல் இந்த வீட்டைக் காப்பாற்ற முன்வந்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். மறுவருடமே அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கூலி எதிர்பாராமல் ஒரு வீட்டைத் தாங்கிப்பிடிப்பது, நாவலின் அம்மாவும் மகள்களும் செய்த வேலைதானே? எனக்கு ஒரே ஒரு சங்கடம்: நாவல்மீது உள்ள பிரியம் நிஜ மனுஷிகளை மறைத்துவிடக்கூடாது. நாவலில் ஏமியாக வரும் கடைசித் தங்கை மே, தன் அறைச் சுவரில் வரைந்த படங்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. பெத்தைத் தேடி வருகிறவரை அந்தச் சுவர்முன் கொஞ்சநேரம் நிறுத்திவைப்பதுதான் தொண்டர்களின் பெரிய வேலை என்பேன்.