ஸ்ரீரங்கத்துக் குதிரையும் லீன் மொழியும்

திருவரங்கத்துப் பெருமாளின் பாதுகைகளை வேதாந்த தேசிகர் 1008 வடமொழிச் செய்யுள்களில் பாடினார். அந்தப் பாதுகா சஹஸ்ரத்தின் 30ஆம் பகுதி சித்திர பத்ததி. அதில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செய்யுள்களுக்கு நடுவே ஒரு குதிரை ஓடுகிறது. முதல் செய்யுளின் 32 எழுத்துகளை வரிக்கு எட்டாக நான்கு வரிகளில் எழுதிக்கொள்ளுங்கள். சதுரங்கப் பலகையின் பாதி கிடைக்கும். இடது மேல் மூலையில் தொடங்கி, குதிரைப் பாய்ச்சலில் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே முறை தொட்டுப் படித்தால் இரண்டாம் செய்யுள் வந்து நிற்கிறது. காஷ்மீரத்து ருத்ரடர் 9ஆம் நூற்றாண்டிலேயே குதிரைவழிச் செய்யுள் எழுதியவர். ஆனால் அவருடையதை நேராகப் படித்தாலும் குதிரைவழியில் படித்தாலும் அதே செய்யுள்தான் வரும். தேசிகரிடம் புதிய செய்யுள் பிறக்கிறது. கணிதர் ஆய்லர் இந்தக் குதிரையைக் கணித முறையில் ஆராய்ந்தது 1759இல்.

தேசிகரின் இந்தச் சொல்விளையாட்டை முழுமையாகச் சுவைக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி, அதை லீன் மொழியில் எழுதிப் பார்ப்பது. லீன் ஒரு ஃபங்ஷனல் நிரல் மொழி. தேற்றங்களை நிரூபிக்கும் கருவியும் அதுவே. இந்த இரண்டு வேலைகளின் உறவு பழையது. 1970களில் எடின்பரோவில் ராபின் மில்னர் எம்.எல். மொழியை உருவாக்கியதே, எல்.சி.எஃப். என்ற நிரூபணக் கருவியை இயக்கத்தான். பிரான்சில் 1984இல் தொடங்கிய காக் (இப்போது ராக்), பிறகு அக்டா, இட்ரிஸ், 2013இல் லியோனார்டோ டி மௌரா மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் தொடங்கிய லீன் எல்லாம் அந்த வழியில் வந்தவை. இவற்றில் ஒரு கூற்று என்பது ஒரு டைப். அதன் நிரூபணம் அந்த டைப்பில் அமையும் ஒரு நிரல். லீனில் நிரூபணத்தை யார் எழுதியிருந்தாலும், கடைசியில் அதைச் சரிபார்ப்பது ஒரு சிறிய உட்கரு. அது எழுதியவரின் பெயரையும் புகழையும் பார்ப்பதில்லை.

குதிரையை எழுதுவோம். முதலில் கட்டம் என்ற டைப்: நான்கு வரிசை, எட்டு நெடுவரிசை. பலகைக்கு வெளியே ஒரு கட்டம் என்ற மதிப்பே அந்த டைப்பில் கிடையாது. அடுத்து, இரண்டு கட்டங்களை வாங்கி, ஒன்றிலிருந்து மற்றதற்குக் குதிரை பாயுமா என்று சொல்லும் சார்பு. பிறகு தேசிகரின் 32 கட்டங்கள், வரிசையாக. ஒவ்வோர் அடியும் குதிரைப் பாய்ச்சல், எந்தக் கட்டமும் இரண்டு முறை வரவில்லை என்று தேற்றத்தைச் சொல்லி ‘டிசைட்’ என்ற கட்டளையை எழுதினால், லீன் தானே கணக்கிட்டு ஒப்புக்கொள்கிறது. சார்புக்கு ஒரே உள்ளீட்டைத் தந்தால் என்றும் ஒரே விடை. மறைவில் எதுவும் மாறாது. அதனால்தான் நிரலின் ஒரு வரியை அப்படியே சமன்பாடாக எடுத்து நிரூபணத்தில் வைக்க முடிகிறது.

‘டிசைட்’ உண்மையை உறுதி செய்கிறது. காரணத்தைச் சொல்லவில்லை. ரசனை தொடங்குவது அடுத்த கேள்வியில்: குதிரை புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பும்படி ஒரு பாதை அமைத்திருக்க முடியுமா? முடியாது, தேசிகரால் மட்டுமல்ல, யாராலும். முதல் வரிசையையும் நான்காம் வரிசையையும் விளிம்பு என்போம். மற்ற இரண்டும் நடு. விளிம்பிலிருந்து பாயும் குதிரை நடுவில்தான் விழும். விளிம்பில் 16 கட்டம், நடுவிலும் 16. திரும்பி வரவேண்டுமானால் விளிம்பு, நடு, விளிம்பு, நடு என்றே கடைசிவரை ஓட வேண்டும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வருவதால், அப்போது விளிம்புக் கட்டங்கள் எல்லாம் ஒரே நிறமாக இருந்தாக வேண்டும். பலகையிலோ அவற்றில் எட்டு கறுப்பு, எட்டு வெள்ளை.

திரும்ப வேண்டாம் என்றால், மிஞ்சும் ஒரு நடுக் கட்டம் என்ற ஒரே ஒரு தளர்வு கிடைக்கிறது. அதைப் பாதையின் தொடக்கத்திலோ முடிவிலோ செலவழித்தால் பழைய முரண்பாடே வந்து நிற்கும். எனவே இடையில் எங்கோ ஒருமுறை நடுவிலிருந்து நடுவுக்கே பாய வேண்டும். அதற்கு முன் தொட்ட விளிம்புகள் ஒரு நிறம், பின் தொட்டவை மறு நிறம்; நிறத்துக்கு எட்டு. ஆகவே அந்தப் பாய்ச்சல் 16ஆம் கட்டத்துக்கும் 17ஆம் கட்டத்துக்கும் இடையில்தான் நிகழ முடியும். தேசிகரின் பாதையைப் பாருங்கள்: இரண்டாம் வரிசையின் முதல் கட்டத்திலிருந்து மூன்றாம் வரிசையின் மூன்றாம் கட்டத்துக்கு, மிகச் சரியாக அங்கே பாய்கிறது. அனுஷ்டுப் செய்யுளின் பாதியும் 16 எழுத்துதான். பிறக்கும் செய்யுளின் முற்பாதி முடிந்து பிற்பாதி தொடங்கும் இடமும், குதிரை தன் தாளத்தை மாற்றியே ஆகவேண்டிய இடமும் ஒன்று!

இந்த வாதத்தை லீனில் எழுதும்போது ‘எங்கோ ஒருமுறை’ என்று கடந்துபோக முடியாது. 16 விளிம்புகளுக்கு இடையே 15 இடைவெளிகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு நடு, மிஞ்சுவது ஒன்றே என்று எண்ணிக் காட்ட வேண்டும். கை தன்போக்கில் தாண்டிச் செல்லும் படிகளை மொழி பெயர் சொல்லிக் கேட்கிறது. பெயர் சூட்டிய பிறகு அவை அழகாகத் தெரிகின்றன. ஜார்ஜ் கோந்தியே 2005 வாக்கில் நான்கு வண்ணத் தேற்றத்தைக் காக் மொழியில் முழுமையாக நிரூபித்தபோதும், படிகளை இப்படிப் பெயர் சொல்லியே எழுத வேண்டியிருந்தது.

திருச்சிக் கல்லூரிகளில் கணினி படிக்கும் மாணவர்களுக்கு முதல் நிரூபணப் பயிற்சியாக நான் இதையே தருவேன். லீன் இலவசமாகக் கிடைக்கிறது. பலகை காவிரிக்கு அக்கரையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. முதலில் ‘டிசைட்’ எழுதி, அந்த ஒரு பாதையின் தாளம் 16ஆம் கட்டத்துக்கும் 17ஆம் கட்டத்துக்கும் இடையில் மாறுகிறது என்று காட்டட்டும். பிறகு அதை அழித்துவிட்டு, எல்லாப் பாதைகளுக்கும் பொருந்தும் காரணத்தை எழுதட்டும். இரண்டையும் லீன் ஒரேபோல ஏற்கும். எது நல்ல நிரூபணம் என்று தேர்ந்தெடுக்கும் வேலை மனிதருக்கே உரியது.