மனப்பாடமும் பாட்டின் அமைப்பும்: கவிமணியை முன்வைத்து

மனப்பாடம் பொருளுணர்வைக் கெடுக்கும் என்பர். திருவனந்தபுரம் மகாராஜா மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் (1876–1954) குழந்தைப் பாடல்கள் இக்கருத்தை மறுக்கின்றன.

பசுவும் கன்றும் பற்றிய அவரது பாடலில் தாயின் செயல் ஓரடியிலும் கன்றின் செயல் அடுத்த அடியிலும் இணையாக அமைகின்றன. தாய் அழைக்கக் கன்று ஓடிவருகிறது; தாய் நக்கக் கன்று பால் அருந்துகிறது. ஒவ்வோர் இணையடியின் முதற்சீர்களையும் மோனை பிணைக்கிறது. எனவே, முதலடியின் பொருளை உணர்ந்த குழந்தையின் நாவில் அடுத்த அடி தானே எழுகிறது. ஈண்டுப் பொருளும் ஓசையுமே நினைவுக்குத் துணையாகின்றன.

ஆகவே குறை மனப்பாடத்தில் இல்லை. 'அடிபிறழாமல் எழுதுக' எனக் கேட்கும் தேர்வுமுறையிலேயே உள்ளது. அது எழுத்துப்பிழையை எண்ணுகிறதேயன்றி ஓசையைக் கேட்பதில்லை. செவிக்கென அமைந்த பாடலை வாய்வழி ஒப்புவிக்கச் செய்து மதிப்பிடுவதே பொருந்தும்.