டைகர் ஃபீட்: எழுந்து நின்று கேட்க வேண்டிய பாட்டு

நடன அரங்கில் ஒருத்தி ஆடுகிறாள். பார்த்த மாத்திரத்தில் ஒருவன் மனதைப் பறிகொடுக்கிறான். அவள் யார், எந்த ஊர் என்ற விசாரணையெல்லாம் இல்லை. அவள் இடுப்பசைவும் கால்களும்தான் அவன் கண்ணில் நிற்கின்றன. மட் என்ற பிரிட்டிஷ் குழு பாடிய 'டைகர் ஃபீட்' பாட்டின் கதை இவ்வளவுதான். 1974-இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற சிங்கிள் இசைத்தட்டு இது. வரிகளில் கனம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். திடீர் மயக்கம் ஓர் ஆளை என்ன செய்யும் என்பதை இந்தப் பாட்டு தாளத்திலும் குரலிலும் சொல்கிறது. அதைப் பிடிக்கச் சில வழிகள்.

காலத்தை மனதில் வையுங்கள்

டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் 1971-இல் கன்னத்தில் மினுமினுப்பு பூசிக்கொண்டு பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' மேடையில் தோன்றினார். கிளாம் ராக் அலை அங்கிருந்து எழுந்தது. ஆண்கள் ஜிகினா உடையும் குதிகால் உயர்ந்த காலணியும் அணிந்து பாடினார்கள். மட் குழுவும் அந்த அலையில் வந்ததுதான். 1974 ஜனவரியிலோ பிரிட்டன் இருண்டு கிடந்தது. நிலக்கரித் தட்டுப்பாட்டால் பெரும்பாலான தொழில்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம். அந்த மாதக் கடைசியில் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்த 'டைகர் ஃபீட்', நான்கு வாரம் அங்கேயே இருந்தது. இவ்வளவு வெளிச்சமான ஒரு பாட்டை மக்கள் ஏன் கட்டிக்கொண்டார்கள் என்பது அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் புரியும்.

முதலில் தாளம்

ஹெட்போனை எடுத்துவிட்டு, நல்ல ஸ்பீக்கரில் சத்தமாக வையுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, இரண்டிலும் நான்கிலும் கை தட்டுங்கள். டேவ் மவுன்ட்டின் டிரம்ஸ் அழுத்தம் விழும் இடங்கள் அவை. பிறகு ரே ஸ்டைல்ஸின் பேஸ் கிதாரைத் தேடுங்கள். பாட்டை முன்னால் தள்ளிக்கொண்டு போவது அதுதான்.

அடுத்து குரல்

குழுவின் பாடகர் லெஸ் கிரே எல்விஸ் பிரெஸ்லியின் பாணியை உள்வாங்கியவர். சரணத்தில் குரலைத் தாழ்த்தி, பேசுகிற தொனியில் பாடுகிறார். பல்லவி வந்ததும் குழுவே சேர்ந்துகொள்கிறது. ஒரு சின்னப் பாராட்டையே திரும்பத் திரும்ப அடுக்குகிறார்கள். மயங்கியவனுக்கு வேறு பேச்சு வராது, சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பான். பாடலாசிரியர்கள் நிக்கி சின்னும் மைக் சாப்மனும் அந்தத் திணறலையே பல்லவியாக்கிவிட்டார்கள். இந்தப் பாட்டில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

கண்ணாலும் பாருங்கள்

'டாப் ஆஃப் தி பாப்ஸ்' காட்சியைத் தேடிப் பாருங்கள். கிதார் கலைஞர் ராப் டேவிஸின் பெரிய காதணிகள் முதலில் கண்ணைப் பறிக்கும். குழுவின் மேடை உதவியாளர்களும் சேர்ந்து ஆடுவார்கள். பாட்டோடு பிரபலமான அந்த ஆட்டத்துக்குப் பயிற்சி எதுவும் வேண்டாம்: கட்டைவிரல்களை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு, தோள்களைச் சாய்த்து இடமும் வலமுமாக ஆட வேண்டியதுதான். அரங்கில் இருக்கும் எவரும் அடுத்த நொடியே சேர்ந்துகொள்ளலாம்.

பிறகு இவற்றையும் கேளுங்கள்

சின்னும் சாப்மனும் 1973-இல் ஸ்வீட் குழுவுக்கு எழுதிய 'பால்ரூம் பிளிட்ஸ்', சூசி குவாட்ரோவுக்கு எழுதிய 'கேன் தி கேன்' இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒரே பட்டறையின் கைவண்ணம் தெரியும். அதோடு கைலி மினோக் 2001-இல் பாடிய 'கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்' பாட்டையும் கேளுங்கள். கேத்தி டென்னிஸுடன் சேர்ந்து அதை எழுதியவர், காதணி போட்ட அதே ராப் டேவிஸ். மனதை விட்டு அகலாத ஒருவரைப் பற்றிய பாட்டு அது. அங்கும் ஒரே சொல் திரும்பத் திரும்பச் சுழல்வதைக் கவனியுங்கள்.

எளிமையான பாட்டு என்பதால் இதை மட்டமாக நினைத்துவிட வேண்டாம். நான்கு நிமிடத்துக்குள் ஓர் அரங்கையே ஆட வைப்பது தேர்ந்தவர்களால் மட்டுமே முடிகிற வேலை. ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த முறை கட்டாயம் எழுந்து நின்று கேளுங்கள்.