ஏட்டில் இருந்ததும் திரையில் வந்ததும்

நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. "படத்தைத்தான் பார்த்துவிட்டோமே, இனிப் புத்தகம் எதற்கு?" என்பதே அது. 'பொன்னியின் செல்வன்' முதற்படம் 2022 செப்டம்பர் 30ஆம் நாளும், இரண்டாவது 2023 ஏப்ரல் 28ஆம் நாளும் வெளிவந்தன. அதன் பின்னர் இப்பேச்சு வலுத்துவிட்டது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் அமர்ந்து பார்த்த படம் அது. தாத்தாவுக்கு அது 1950இல் 'கல்கி' இதழில் தொடங்கிய தொடர்கதை. வாராவாரம் கிழித்தெடுத்துக் கட்டி வைத்த ஏடு. பேரனோ கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் பயில்பவன். தமிழ் அவனுக்குச் செவிவழிச் செல்வம் மட்டுமே. ஆகவே படம் நன்றா என்று கேட்பதோடு நம் வேலை முடிவதில்லை. புத்தகத்தின் இடத்தில் படம் நிற்க இயலுமா என்பதையும் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடிப்பில் குறை காண நமக்கு மனமில்லை. வந்தியத்தேவனின் வாய்த்துடுக்கைக் கார்த்தி உரிமையோடு எடுத்துக்கொண்டார். கடம்பூரில் கரிகாலனும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் காட்சியில் விக்கிரமும் ஐசுவரியா ராயும் கல்கியின் எழுத்துக்கு ஈடுகொடுத்தனர் என்றே சொல்வோம். ஜெயராமின் ஆழ்வார்க்கடியானை இன்னும் சற்றுப் பேசவிட்டிருக்கலாம்.

நம் மனக்குறை வேறு. ஐந்து பாகங்களை இரு படங்களில் அடக்கும்போது எதை விடுவது என்பதுதான் இயக்குநருக்குத் தலையாய கேள்வி. மணிரத்னம் மணிமேகலையை விட்டுவிட்டார். சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியத்தையும் விட்டுவிட்டார். புதினத்தில் அருண்மொழி மணிமுடியைத் தருவது, கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுத்து வாழ்ந்த, அரசு வேண்டும் என்று கனவிலும் எண்ணாத ஒருவனுக்கு. படகோட்டி வளர்ந்த பூங்குழலி அரசியாகிறாள். 'தியாகச் சிகரம்' என்று கல்கி ஐந்தாம் பாகத்துக்குப் பெயரிட்டதன் பொருள் அங்கேதான் விளங்குகிறது. படத்திலோ முன்பே முடியைக் கேட்டு நின்ற மதுராந்தகனுக்கே அது போய்ச் சேருகிறது. தியாகம் இருக்கிறது, சிகரம் தாழ்ந்துவிட்டது.

அப்படியானால் மூலத்தை அப்படியே எடுப்பதுதான் நேர்மையா என்று கேட்கலாம். இல்லை என்பதற்கு 'உதிரிப்பூக்கள்' ஒன்றே போதும். 1979இல் மகேந்திரன் எடுத்த அப்படத்துக்கு வித்து புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. மூலத்தில் நகரத்துப் பேராசிரியராக வரும் சுந்தரவடிவேலு, படத்தில் சிற்றூரையே ஆட்டிப்படைக்கும் கொடியவராகிறார். கதை ஏறத்தாழ முழுவதுமே வேறு. ஆனால் தாயற்ற குழந்தைகளின் தனிமை என்னும் உயிர்நாடி மட்டும் அறுபடவில்லை. விஜயன் ஆற்றில் இறங்கும் அந்த முடிவைக் கண்டவர் மறப்பதில்லை.

இதற்கு நேர் எதிரே 1977இல் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நிற்கிறது. ஜெயகாந்தனே திரைக்கதை எழுதியதால் புதினத்தின் விவாதங்கள் சிதையாமல் வந்தன. லட்சுமியின் முகம் மட்டும் இல்லாதிருந்தால் அதை வானொலியில் கேட்டாலே போதும் என்று நாம் சொல்லியிருப்போம். சொல்லியவரும் உண்டு!

நாம் குடியிருக்கும் இம்மண்ணின் வழக்கத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கத் தகும். யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' 1970இல் படமாயிற்று. அவருடைய 'கடசிராத்த'த்தை 1977இல் கிரீஷ் காசரவள்ளி எடுத்தார். இரண்டும் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றவை. முன்னது சிறு புதினம், பின்னது சிறுகதை. இரண்டரை மணி நேரத்துக்கு ஏற்ற கொள்கலம் எது என்பதைக் கன்னட இயக்குநர்கள் அறிந்திருந்தனர். நம் சிறுகதைக் கருவூலமோ மிகப் பெரிது. அதில் திரைக்கு வந்தது சொற்பமே. பெருங்கதைகளையே நாடிப் போகும் நம் திரையுலகத்தார் கு. அழகிரிசாமியின் பக்கங்களை ஒருமுறை புரட்டினால் ஆகாதா?

படம் தீமை செய்தது என்று நாம் கூறவில்லை. உண்மையில் நம் வீட்டில் நேர்ந்தது வேறு. இரண்டாம் படம் பார்த்து வந்த பிறகு, ஞாயிறுதோறும் ஓர் அத்தியாயம் என்று உரக்கப் படிக்கத் தொடங்கினோம். எழுத்துக் கூட்டவும் தயங்கிய பேர்த்தி, பிறகு தானே பெயர்களை விரலால் தொட்டுப் படித்தாள். 'கொலை வாள்' பாகத்தில் அந்தக் கடம்பூர்ப் பெண் வந்தபோது விரலை எடுக்காமல், "தாத்தா, இவள் படத்தில் எங்கே?" என்று கேட்டாள். "நான்காம் பாகம் வரட்டும், சொல்கிறேன்" என்றோம். அவள் ஞாயிறு வரை பொறுக்கவில்லை; புதனன்றே ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.