இருபது நிமிடமும் எழுபத்திரண்டு மணி நேரமும்

மேரி ஐன்ஸ்வர்த் என்றதும் உளவியல் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது 'அந்நியச் சூழல்' சோதனைதான். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் பொம்மைகள் கிடக்கும் அறைக்குள் வருகிறார்கள். முன்பின் தெரியாத பெண் ஒருவர் நுழைகிறார். தாய் வெளியே போய்த் திரும்புகிறார். மறுபடியும் போய்த் திரும்புகிறார். எட்டுக் கட்டங்கள், ஏறக்குறைய இருபது நிமிடம். குழந்தை மிகவும் அழுதால் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள்.

குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, தாய் திரும்பியதும் என்ன செய்கிறது என்பதை முக்கியமாகக் கொண்டதுதான் ஐன்ஸ்வர்த்தின் கூர்மை. பெரும்பாலான குழந்தைகள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, சற்று நேரத்தில் தேறி விளையாடப் போய்விடும். சில, தூக்கச் சொல்லிக் கை நீட்டும்; தூக்கினாலோ உடம்பை வளைத்து உதைக்கும். வேறு சில, தாயை நோக்கி இரண்டடி வைத்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பி, கையில் அகப்பட்ட பொம்மையைக் குடைய ஆரம்பிக்கும். விவரம் அறியாதவர்கள் 'சமர்த்து, அழவே இல்லை' என்று மெச்சுவது இந்தக் கடைசி ரகத்தைத்தான். பின்னாளில் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, அந்தச் சமர்த்துப் பிள்ளையும் உள்ளுக்குள் பதறிக்கொண்டிருந்தது தெரிந்தது. வெறும் கண்ணால் பார்த்து வகுத்த பிரிவுக்குக் கருவி வந்து சாட்சி சொல்வது உளவியலில் அடிக்கடி நடப்பதல்ல.

ஆனால் இந்தச் சோதனை எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1950களின் நடுவில் உகாண்டாவில், கம்பாலாவை ஒட்டிய கிராமங்களில் ஐன்ஸ்வர்த் 26 குடும்பங்களைக் கவனித்தார். அங்கே தாய் எழுந்து போனாலே பல குழந்தைகள் அழுதன, பின்னாலேயே தவழ்ந்தன. 1963இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வைத் தொடங்கியபோது, தாய் போவதும் வருவதும் பழகிப்போன குழந்தைகள் வீட்டில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களைச் சற்று அசைத்துப் பார்க்கத்தான் இந்த அந்நிய அறை. மருந்தின் அளவு பால்டிமோர் குழந்தைக்கு நிர்ணயிக்கப்பட்டது.

அதே அளவை ஜப்பானின் சப்போரோவில் கொடுத்தார்கள். தாயை விட்டு அதிகம் பிரிந்திராத குழந்தைகள் நிலைகுலைந்தன. 1986இல் தகஹாஷி வெளியிட்ட ஆய்வில் முகம் திருப்பும் ரகம் ஒன்றுகூட இல்லை. உதைக்கும் ரகம் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. ஜெர்மனியின் பீலஃபெல்டிலோ சுமார் பாதிக் குழந்தைகள் முகம் திருப்பின. சீக்கிரமே தன்காலில் நிற்கப் பழக்குவது அங்கே நல்ல வளர்ப்பு. அந்த ஊர்த் தாய்மாரில் பாதிப்பேர் பாசமற்றவர்கள் என்று சொல்லத் துணிவோமா?

இதை வைத்து 'மேற்கத்தியக் கருவி' என்று ஒரேயடியாக ஒதுக்குவதும் சரியல்ல. 1988இல் வான் ஐசன்டோர்னும் குரோனென்பெர்க்கும் எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள்: ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு, நாடுகளுக்கு இடையிலிருந்ததைவிட ஒன்றரை மடங்கு அதிகம்.

என் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. பால்டிமோரில் ஐன்ஸ்வர்த் குழு சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் வீட்டிலேயே உட்கார்ந்து கவனித்தது. ஓராண்டில் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 72 மணி நேரம். பால் கொடுப்பது, அழுகைக்கு எழுந்து வருவது, இடுப்பில் தூக்கிக்கொள்ளும் விதம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறின. அறையில் கண்ட நடத்தைக்கு அர்த்தம் கொடுத்தவை அந்தக் குறிப்புகள்தான். பின்வந்தவர்களோ இருபது நிமிடத்தை எடுத்துக்கொண்டு 72 மணி நேரத்தை விட்டுவிட்டார்கள். செலவு குறைவு, கட்டுரை சீக்கிரம் வரும், வேறென்ன? ஐன்ஸ்வர்த்தே தம் கடைசிக் காலத்தில் இதுபற்றி வருத்தம் தெரிவித்தார். தாயின் அக்கறைக்கும் குழந்தையின் பிணைப்புக்கும் அவர் கண்ட நெருங்கிய தொடர்பு, 1997இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 0.24 என்ற அளவுக்கு இறங்கியது. அவருடைய மாதிரி சிறியது என்பது ஒரு காரணம். அவ்வளவு பொறுமையாக யாரும் பார்க்கவில்லை என்பதும் காரணமாக இருக்கவேண்டும். குழந்தையின் இயல்பான சுபாவத்தை இந்தப் பிணைப்புக் கோட்பாடு குறைத்து மதிப்பிட்டது என்ற உளவியலாளர் ஜெரோம் கேகனின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது.

இருபது நிமிடத்தை மட்டும் நம்பியதன் விளைவு ஆய்வேடுகளோடு நிற்கவில்லை. மேரி மெயினும் ஜூடித் சாலமனும் பிற்பாடு நான்காவதாக ஒரு 'ஒழுங்குகுலைந்த' வகையைச் சேர்த்தார்கள். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதா என்று தீர்மானிக்கும் இடங்களில் அது துன்புறுத்தலுக்கு அத்தாட்சிபோலப் பயன்படத் தொடங்கியது. 2017இல் இத்துறை ஆய்வாளர்கள் பலர், மெயினும் சாலமனும் உட்பட, கூட்டாக எழுதி மறுத்தார்கள்: குழுக்களை ஒப்பிட அந்த வகைப்பாடு உதவும், ஒரு தனிக் குழந்தையின் வீட்டில் என்ன நடந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.