இருகட்சி முறையும் இழந்த வாக்கும்

ஆளுங்கட்சி ஒன்று, அதற்கு ஈடான மாற்றுக்கட்சி ஒன்று என இரண்டு அமைந்துவிட்டால், பிரதிநிதிகள் மக்களுக்கு அஞ்சி நடப்பர் என்பது அரசியலறிஞர் சிலரின் கொள்கை. பிரிட்டனைச் சான்று காட்டிப் பேசப்படும் இக்கொள்கை, 2008ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்குப் பின் மலேசியத் தமிழரிடையே பெரும் நம்பிக்கையை வளர்த்தது. அத்தேர்தலில் தேசிய முன்னணி 222 இடங்களில் 140ஐ மட்டுமே பெற்று, மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். இரு கூட்டணி முறை பிறந்துவிட்டது எனப் பலரும் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நிலைத்ததா? 2018இல் ஆட்சி மாறியது. 2020இல் உறுப்பினர் பலர் அணி மாறவே, வாக்காளரைக் கேளாமலே அது கவிழ்ந்தது. 2022இல் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாமற் போக, நேற்றுவரை எதிரெதிர் நின்ற நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தன. செந்தூல் அடங்கிய பத்து என்னும் நாடாளுமன்றத் தொகுதியில் அவ்வாண்டு 10 பேர் போட்டியிட்டனர். வேட்பாளருக்குப் பஞ்சமில்லை. ஆயினும், “வென்றவரைப் பார்க்கவே முடிவதில்லை” என்னும் குறை மட்டும் தீர்ந்தபாடில்லை.

குறை கட்சிகளின் எண்ணிக்கையில் இல்லை. வாக்கின் எண்ணிக்கையில் இருக்கிறது. கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமானது முதல், செந்தூல்வாசிக்குச் சட்டமன்றமும் இல்லை. தேர்ந்தெடுத்த நகரமன்றமும் இல்லை. நாடாளுமன்றத்துக்கு இடும் ஒரே வாக்குத்தான் உண்டு. கால்வாய் அடைத்தாலும் அங்காடிக் கடைக்கு உரிமம் கிடைக்காவிட்டாலும் அதிகாரம் மாநகர் மன்றத்தினுடையது. அதன் தலைவரோ நியமனம் பெறுபவர். சட்டம் இயற்றச் சென்றவர், தமக்கு அதிகாரமில்லாத அலுவலகத்துக்கு மனு சுமக்கும் தூதராகிறார். இரண்டும் முழுமை பெறுவதில்லை.

முன்னர் நிலை இவ்வாறு இல்லை. 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தலில் நான்கு வட்டாரங்களுள் செந்தூலும் ஒன்று. அம்னோ–ம.சீ.ச. கூட்டு 12 இடங்களில் 9ஐ வென்றது. பங்சாரில் மலாயாச் சுதந்திரக் கட்சியின் சார்பில் தேவகி கிருஷ்ணன் வென்றார். பின்னாளில் நாட்டையே ஆண்ட கூட்டணிக்கு வித்திட்டது இந்நகரத் தேர்தல்தான். அந்த ஏணியே 1961இல் எடுக்கப்பட்டது. ஏனைய ஊர்களின் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது.

நகரத் தேர்தல் ஊழலையும் இனப் பூசலையும் வளர்க்கும் என்பர் சிலர். ஊராட்சி மன்றங்களின் சீர்கேடுகள் பற்றிய புகார்களையும் ஆராய்ந்த ஆதி நாகப்பன் ஆணைக்குழு, தேர்தல் முறையே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1957 முதல் ஆண்ட அணியும் அதை மீட்கவில்லை. 2018இல் வந்த மாற்று அணியும் மீட்கவில்லை. இதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றே.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையைக் கூறுகிறது. அத்தகுதி எல்லார்க்கும் உரியதன்று, அது குறையே. எனினும் ஏரியைக் காப்பவர் ஏரிக்கரையிலேயே இருந்தார்.

மேலே இரு கட்சிகள் மாறி மாறி அமர்வதால் கீழே கால்வாய் தூர்ந்தது திறவாது. இழந்த அந்த இரண்டாம் வாக்கைக் கேட்பதே செந்தூல் மக்கள் முதலிற் செய்யத்தக்கது.