'இணைப்பு' என்னும் சொல்லாடல்: ஹெச்.பி. - காம்பேக்

2001 செப்டம்பரில் ஹ்யூலெட் - பேக்கார்டு நிறுவனம், சுமார் 25 பில்லியன் டாலர் பெறுமதியுள்ள பங்குகளைக் கொடுத்து காம்பேக்கை வாங்கப்போவதாக அறிவித்தபோது, அந்தச் செயலுக்கு வைக்கப்பட்ட பெயர் 'இணைப்பு'. 'வாங்குதல்' என்றால் அதிலுள்ள அதிகாரப் படிநிலை அப்பட்டமாகத் தெரிந்துவிடும். 'இணைப்பு' அதையே கல்யாணப் பத்திரிகையாக மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. மணமகள் காம்பேக்கோ 1997ல் டாண்டத்தையும் 1998ல் டிஜிட்டலையும் விழுங்கிவிட்டு, செரிக்காமல் உட்கார்ந்திருந்த நிறுவனம்.

எதிர்த்தவர் வால்டர் ஹ்யூலெட், நிறுவனரின் மகன். இயக்குநர் குழுவில் ஆதரித்து வாக்களித்தவர், பிறகு வெளியே வந்து எதிர்த்தார். அவருடைய தர்க்கம் எளிமையானது: லாபம் பிரிண்டரில் வருகிறது, அதைக் கொண்டுபோய் லாபமே இல்லாத கணினிச் சந்தையில் ஏன் கரைக்க வேண்டும்? நிறுவனம் தந்த பதிலில் கணக்கோடு இன்னொன்றும் இருந்தது. அவரை ஓர் 'இசைக்கலைஞர், கல்வியாளர்' என்று அது வர்ணித்தது. அதாவது, வியாபாரம் பேச உனக்கு என்ன தகுதி என்பதே அதன் உட்பிரதி. (செல்லோ வாசிப்பவனுக்குக் கூட்டல் கழித்தல் வராதாக்கும்!)

வேடிக்கை என்னவென்றால், இரு தரப்பும் உரிமை கொண்டாடியது ஒரே தொன்மத்தைத்தான்: 1939, பாலோ ஆல்ட்டோ, ஒரு கார் கொட்டகை, இரண்டு நண்பர்கள். வால்டருக்கு அது குடும்பச் சொத்து. தலைமை நிர்வாகி கார்லி ஃபியோரினாவுக்கு அது விளம்பர வாசகம். கொட்டகைக் கதையாடலின் மையமாகச் சொல்லப்பட்ட 'தொழிலாளர்மீது நம்பிக்கை' என்ன ஆயிற்று? 2001 கோடையில் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள முன்வாருங்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலான ஊழியர்கள் ஒத்துக்கொண்டார்கள். அதன் பின்னாலேயே 6,000 பேருக்கு வேலை போனது. இணைப்புத் திட்டத்திலோ இன்னும் 15,000 பேர், 'சேமிப்பு' என்ற தலைப்பின் கீழ். மனிதர்களை வெளியே தள்ளுவது சேமிப்பு ஆகிற இந்த மொழிக்கு அகராதி யார் போடுவது?

2002 மார்ச் 19ல் வாக்கெடுப்பு. வித்தியாசம் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. கடைசி நேரத்தில் நிலை மாற்றிக்கொண்ட டாய்ச்சு வங்கியின் வாக்குகளைக் காட்டி வால்டர் டெலவேர் நீதிமன்றம் போனார், தோற்றார். தன் சகோதரப் பிரிவுக்கு ஹெச்.பி. வாடிக்கையாளர் என்பதை வெளியே சொல்லாததற்காக அந்த வங்கியின் முதலீட்டுக் கிளைக்கு 2003ல் 7,50,000 டாலர் அபராதம் விழுந்தது. ஆனால் தாலி ஏறி ஒரு வருஷம் ஆகிவிட்டிருந்தது.

வால்டர் சொன்னதெல்லாம் பலித்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2007ல் கணினி விற்பனையில் ஹெச்.பி.தான் உலகில் முதலிடம். அதைப் பார்க்க ஃபியோரினா பதவியில் இல்லை, 2005லேயே நீக்கிவிட்டார்கள். 2015 நவம்பரில் நிறுவனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பிரிண்டரும் கணினியும் ஒரே வீட்டில் தங்கின, சர்வர்கள் தனிக்குடித்தனம் போயின. பெரிசானால்தான் பிழைக்கலாம் என்று 2002ல் பேசிய மொழி, சிறிசானால்தான் ஓடலாம் என்று பேசியது. இந்தப் பிரிவினைக்காக அறிவிக்கப்பட்ட ஆட்குறைப்பு 25,000 முதல் 30,000 பேர் வரை.